மனைப்பிரிவு வரைபடத்தில் முதல் கோடு

காவிரிப் படுகையில் நிலத்தின் ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. கும்பகோணத்துக்குக் கிழக்கே கடற்கரை வரையில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லாத பூமி இது. மலையும் பாறையும் காடும் இல்லாத இந்தச் சமவெளியில் மனைப்பிரிவு போடும்போது, காப்பாற்ற வேண்டிய இயற்கை அமைப்பு என்று எதுவும் இல்லை என்றே நிலத்தை விற்பவரும் வாங்குபவரும் எண்ணிக்கொள்கிறார்கள். வரைபடம் போடுகிறவர்களில் பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். மனைப்பிரிவு வரைபடங்களே தொழிலாக இந்தப் பகுதியில் நெடுங்காலம் புழங்கியவன் என்ற முறையில் நான் இதை ஏற்பதில்லை. சரிவு இவ்வளவு குறைவாக இருப்பதனால்தான் இங்கே ஒரு சாண் உயரம், ஒரு வீட்டின் கூடத்துக்குள் கார்த்திகை மாதத்தில் தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிக்கிறது. மலைநாட்டில் தவறான இடத்தில் வீடு கட்டினால் பெரும்பாலும் அந்த வீட்டுக்குத்தான் கேடு. இங்கே தவறான இடத்தில் மண்ணைக் கொட்டினால் மேற்கே உள்ள வயல்கள் அத்தனையும் மூழ்கும்.

ஆற்றங்கரையை ஒட்டி வாழையும் மூங்கிலும் நிற்கும் படுகைக் கொல்லைகள், வயல்களுக்கு நடுவே சற்றே உயர்ந்து கிடக்கும் திடல்கள், திடலில் இலுப்பையும் நாவலும் புங்கனும் கலந்து நிற்கும் பழைய தோப்புகள், குட்டைகள், குளங்கள், பாசன வாய்க்கால்கள், வடிகால்கள், வாய்க்கால் கரைப் பூவரசு மரங்கள் ஆகியவையே இந்த நிலத்தின் இயற்கை அமைப்புகள். இவற்றுள் பாதி மனிதர் வெட்டியவை என்பது உண்மைதான். ஆனால் பல நூறு ஆண்டுகளாக ஆறும் உழவும் சேர்ந்து உருவாக்கிய இந்தப் பூமியில் இயற்கை எது, செயற்கை எது என்று பிரித்துப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் மேட்டூர்த் தண்ணீரை நம்பியிருக்கும் பாசன ஏரிகளே. அவை இன்று, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பறவைச் சரணாலயங்கள். அங்கே கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் இரை தேடிச் செல்வது சுற்றியுள்ள நஞ்சை வயல்களுக்குத்தான்.

கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் கொள்ளிடமும் பிரிகின்றன. அவற்றிலிருந்து அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, பாமணியாறு என்று கிளை ஆறுகளும், ஒவ்வோர் ஆற்றிலிருந்தும் வாய்க்கால்களும், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால்களும் பிரிந்து கடைசியில் ஒரு வயலின் மடை வரைக்கும் போகின்றன. இந்த அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பல இடங்களில் ஓர் ஊரின் வடிகாலே அடுத்த ஊரின் பாசன வாய்க்கால். ஜூன் 12-ஆம் தேதியை ஒட்டி மேட்டூர் அணை திறந்தால் குறுவைக்குத் தண்ணீர் கொண்டுவரும் அதே வாய்க்கால்தான், ஐப்பசி கார்த்திகையில் சம்பாப் பயிரை மூழ்கடிக்காமல் மழைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே அதன் குறுக்கே யார் எதைப் போட்டாலும் கோடையில் கீழே உள்ளவருக்குத் தண்ணீர் இல்லை. மழைக்காலத்தில் மேலே உள்ளவருக்கு வடிகால் இல்லை.

வழக்கமான மனைப்பிரிவு எப்படி உருவாகிறது என்பதை இந்தப் பக்கம் இருப்பவர்கள் அறிவார்கள். பங்குனி சித்திரையில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது விலை பேசி முடிக்கிறார்கள். பொக்லைன் இறங்கி வரப்புகளை அழிக்கிறது. சவுடு மண்ணும் கிராவலும் கொட்டி முழு நிலத்தையும் சாலை மட்டத்துக்கு உயர்த்துகிறார்கள். நிலத்தின் குறுக்கே போகும் வாய்க்கால் அரசு புறம்போக்காக இருந்தால் அதை அப்படியே விட்டுவிட முடியாது, அழிக்கவும் முடியாது. எனவே சாலை கடக்கும் இடங்களில் ஒரு சிமெண்ட் குழாயைப் பதித்து மேலே மண்ணை மூடுகிறார்கள். பட்டா நிலத்துக்குள் ஓடும் கன்னி வாய்க்காலுக்கு அந்த மரியாதையும் கிடையாது. பிறகு 30 அடிச் சாலை, கல் நட்ட மனைகள், நுழைவாயில் வளைவு, ஏதேனும் ஒரு நகரின் பெயர். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை சுமாராகப் பெய்தால் ஒன்றும் தெரியாது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையைப் போல ஒன்று பெய்தால்தான், எந்த ஊரில் எந்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்பது வெளியே வருகிறது.

சட்டங்கள் இல்லை என்று சொல்ல முடியாது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்த பிறகு, 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, 20.10.2016-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளுக்கு அவை வழிசெய்தன. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள், எண்ணெய் எரிவாயு எடுப்பு போன்றவற்றைத் தடைசெய்கிறது. அதைப் பெற்றுத்தந்த போராட்டங்களின் மதிப்பை நான் எந்த வகையிலும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. ஆழ்துளையிட்டு எரிவாயு எடுக்க முடியாத வயலில் தாராளமாக மண் கொட்டி மனை போடலாம்.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைப் பரப்பு நீங்கலாக 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்கின்றன. நல்ல விதிதான். நடைமுறையில் அந்த 10 விழுக்காடு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. மனைகளை எல்லாம் வெட்டி முடித்த பிறகு, எந்த மூலை கோணலாக எஞ்சி நிற்கிறதோ அந்த மூலைக்குப் பூங்கா என்று பெயர் எழுதப்படுகிறது. தோப்பு இருந்த இடம் மனை எண் 34 முதல் 41 வரை ஆகிவிட்டிருக்கும். பூங்காவில் காட்டாமணக்கு முளைத்திருக்கும். விதியில் குறை அவ்வளவாக இல்லை. வரைபடத்தில் எந்தக் கோட்டை முதலில் போடுகிறோம் என்பதில்தான் குறை இருக்கிறது.

இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்று அமெரிக்காவில் தீவிரமாக எடுத்துரைத்தவர்களில் ராண்டல் ஆரண்ட் என்ற திட்டமிடுநர் முக்கியமானவர். அவருக்கு முன்பே, 1960-களில், ஸ்காட்லாந்தில் பிறந்து பென்சில்வேனியாவில் கற்பித்த இயன் மெக்ஹார்க், மண், நீரோட்டம், வெள்ளம், தாவரம் ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, எங்கே கட்டக்கூடாது என்பதை முதலில் முடிவுசெய்யும் முறையைப் பரப்பினார். ஆரண்ட் அதைச் சாதாரண மனைப்பிரிவுக்கு ஏற்ப நான்கு படிகளாக எளிமைப்படுத்தினார். முதலில் காக்க வேண்டிய இடங்களைக் குறிக்க வேண்டும். அடுத்து, எஞ்சிய இடத்தில் வீடுகள் நிற்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். மூன்றாவதாக அந்த வீடுகளைச் சாலையாலும் நடைபாதையாலும் இணைக்க வேண்டும். மனை எல்லைக் கோடுகளைக் கடைசியாகத்தான் போட வேண்டும். வழக்கமான முறையில் எத்தனை வீடுகள் வருமோ அதே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மனையையும் சிறிதாக்கி, வீடுகளை நெருக்கமாகக் கூட்டி, மிச்சமாகும் நிலத்தைப் பொதுவில் விடுவதுதான் இதன் சாரம். நில உடைமையாளரின் வீட்டு எண்ணிக்கையைக் குறைக்காததால்தான் இந்த முறை பேச்சளவில் நில்லாமல் செயலுக்கு வந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1970-களில் எழுந்த ஒரு குடியிருப்பில் மழைநீரைப் புதைகுழாயில் விடாமல், வீடுகளுக்குப் பின்னே திறந்த ஆழமற்ற ஓடைகளில் ஓடவிட்டார்கள். அது இன்றும் இயங்குகிறது.

நம் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் வியப்படையத் தேவையில்லை. தஞ்சைத் தரணியின் பழைய ஊர்கள் அனைத்தும் கூட்டிக் கட்டியவைதான். ஊரின் குடியிருப்பு நிலமான நத்தம், மேட்டில் இருக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், அகலம் குறைந்து நீளம் மிகுந்த மனைகள், முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கொல்லை, கொல்லைக்கு அப்பால் வாய்க்கால், அதற்கும் அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். ஒரு குழி நஞ்சையைக்கூட வீணாக்காத அமைப்பு அது. 1914, 1915-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாண நகரங்களைப் பார்வையிட்ட ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸ், இருக்கும் தெருக்களையும் குளங்களையும் இடித்துத் தூர்ப்பதற்குப் பதிலாகப் பேணித் திருத்துவதே நல்ல நகரமைப்பு என்று வாதிட்டார். அவர் பார்த்த நகரங்களில் தஞ்சாவூரும் ஒன்று.

ஆனால் அந்தப் பழைய ஊரைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ என்னால் இயலாது. மேட்டில் ஊர் இருந்தது என்றால் பள்ளத்தில் சேரி இருந்தது. நிலத்தின் உயரத்தை நம் முன்னோர் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார்களோ, அவ்வளவு துல்லியமாக அந்த அறிவைச் சாதிக்கும் பயன்படுத்தினார்கள். வயலில் உழைத்த மக்கள் குடியிருந்த இடம் அவர்களுக்குச் சொந்தமாவதற்கே 1971-இல் ஒரு குடியிருப்புச் சட்டம் தேவைப்பட்டது. இன்றைய விதிகள் பெரிய மனைப்பிரிவுகளில் பொருளாதாரத்தில் நலிவுற்றோருக்கெனச் சிறு மனைகளை ஒதுக்கச் சொல்கின்றன. அந்தச் சிறு மனைகள் வரைபடத்தில் வடிகாலை ஒட்டிய தாழ்ந்த மூலைக்குத் தள்ளப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். வீடுகளை இப்படி ஓரிடத்தில் கூட்டி அமைக்கும் கூட்டமைப்பு மனைப்பிரிவில் எல்லா வீடுகளும் ஒரே மேட்டில், ஒரே தெருவில் வருவதால் இந்தத் தள்ளிவைப்புக்கு இடமில்லாமல் செய்ய முடியும். குளத்துக்கும் தோப்புக்கும் போகும் பாதை எல்லா வாசலிலிருந்தும் ஒரே அளவு திறந்திருக்க வேண்டும். இதை நான் அழகு சார்ந்த விருப்பமாகச் சொல்லவில்லை. இது இல்லாவிட்டால் மற்ற எதற்கும் பொருள் இல்லை என்று கருதுகிறேன்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு வேலி (ஏறக்குறைய 6.6 ஏக்கர்) நிலத்துக்கு இப்படி ஒரு வரைபடம் போடும் வாய்ப்பு அண்மையில் அமைந்தது. அண்ணன் தம்பிகளும் ஓர் அக்காவும் பங்குதாரர்கள். மூவர் வெளியூரில் இருக்கிறார்கள். பயிர் வைப்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. நிலம் முழுவதையும் ஒரு மனை வணிகருக்குக் கொடுத்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரத்தில், பிறந்த ஊரின் தோப்பை வெட்டக்கூடாது என்று அக்கா உறுதியாக நின்றதால்தான் என்னிடம் வந்தார்கள்.

நான் முதலில் கேட்டது அந்தப் புல எண்களுக்கும் சுற்றியுள்ள புல எண்களுக்குமான புலப்படங்களை, அதாவது அரசின் நில அளவை வரைபடங்களை. அடுத்து, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் எவை வாய்க்கால், எவை பாதை, எவை குட்டை என்று பதிவாகியுள்ளன என்பதைப் பார்த்தோம். பிறகு ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியை வைத்து முழு நிலத்துக்கும் மட்டம் எடுத்தோம். மலைப்பகுதியில் மீட்டர்க் கணக்கில் சமவுயரக் கோடுகள் வரைந்தால் போதும். டெல்டாவில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடாவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாது. அப்படிப் போட்டபோது, கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த நிலத்தில் வடமேற்கே 6 மா (ஒரு வேலிக்கு 20 மா) திடலும், அதன் தெற்கே சற்றே தாழ்ந்த மேட்டு வயலும், கிழக்கு விளிம்பில் வடிகாலை நோக்கிய சரிவும் தெளிவாக வந்தன.

நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவரும் பெரியவர் கூடவே வந்து கோல் பிடித்தார். மட்டக் கருவி காட்டாத ஒன்றை அவர் காட்டினார். தோப்புக்குக் கீழே, புதர் மண்டிய வரப்பில், மிகைநீர் வழிந்தோடச் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு சிறு கலிங்கு இருந்தது. புலப்படத்தில் அது இல்லை.

“சித்திரையில வந்து பாத்தா எல்லாம் ஒரே மட்டமாத்தான் தம்பி தெரியும். ஐப்பசி அடைமழையில வந்து நில்லுங்க. மேலத்தெரு கொல்லைத் தண்ணி பூரா இந்தக் கலிங்கு வழியாத்தான் குட்டைக்கு எறங்கி அப்புறம் வடிகாலுக்குப் போகுது. இத மூடிட்டா மேலத்தெருக்காரங்க அடுப்புல தண்ணி நிக்கும்.”

அவர் சொன்னபடியே ஐப்பசியில் போய்ப் பார்த்தோம். முழங்கை அகலமுள்ள அந்தத் திறப்பின் வழியே தண்ணீர் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. கெண்டைக் குஞ்சுகள் அதை எதிர்த்து ஏற முயன்றுகொண்டிருந்தன. குட்டைக் கரையில் மடையான்கள் வரிசையாக நின்றன. சித்திரையில் மண்ணைக் கொட்டியிருந்தால் இந்தத் திறப்பு ஒரு மனையின் நடுவில் புதைந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. டெல்டாவில் மனைப்பிரிவுக்கான தள ஆய்வு எதையும் மழைக்காலத்தில் ஒரு முறையாவது செய்யாமல் முடித்ததாகக் கொள்ளக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனிக் கணக்கு. தஞ்சைப் பகுதிக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆக ஒரு வேலி 2,88,000 சதுர அடி, ஏறக்குறைய 6.6 ஏக்கர். வழக்கமான முறையில் சாலைகளுக்கு ஏறத்தாழ 80,000 சதுர அடி போகும். மிச்சம் 2,08,000, அதில் பூங்கா 20,800, எஞ்சிய 1,87,200 சதுர அடியில் 2,400 சதுர அடி வீதம் 78 மனைகள். நலிவுற்றோர் மனைகளைத் தனியே பிரிக்காமல், புரிவதற்காக எளிமையாகச் சொல்கிறேன். இந்த 78-ஐ மாற்றாமல் வைத்துக்கொண்டோம். 20 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள 1,200 சதுர அடி மனைகளாகத் தெருவின் இரு பக்கமும் அடுக்கினால் மனைகளுக்கு 93,600 சதுர அடி போதும். தெருக்களின் நீளம் குறைந்துவிடுவதால் அவற்றுக்கு 40,000 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 1,33,600 சதுர அடி, அதாவது 9 மாவுக்குச் சற்று மேல். எஞ்சியது 1,54,400 சதுர அடி. பத்தரை மாவுக்கு மேல் திறந்த நிலம்.

சிக்கல் திடலில்தான் வந்தது. வீடு கட்ட மிகச் சிறந்த இடம் திடல், ஏனென்றால் அதுவே உயரம். மரங்கள் நிற்பதும் அங்கேதான், அதே காரணத்தால். எந்த நாட்டுக் கையேடும் இதற்கு விடை தராது. தோப்பைக் காக்க வேண்டும் என்று 6 மாவையும் விட்டுவிட்டால் வீடுகள் அனைத்தும் வயலுக்கு இறங்கும். மண் கொட்ட வேண்டிவரும். மரம் மரமாகக் குறித்துப் பார்த்தபோது, முதிர்ந்த இலுப்பைகளும் நாவலும் கிழக்குப் பக்க 2 மாவில் நெருங்கி நிற்பதும், மற்ற 4 மாவில் பழைய களமும் ஒதிய மரங்களும் சில தென்னைகளும் மட்டுமே இருப்பதும் தெரிந்தது. எனவே களம் உள்ளிட்ட அந்த 4 மா வீடுகளுக்கு; 2 மா தோப்பு அப்படியே நிற்கும்; மீதி வீடுகள் தெற்கே மேட்டு வயலில் ஐந்தேகால் மாவில் வரும். தோப்பின் 2 மா 28,800 சதுர அடி. தெருப் பரப்பு நீங்கலாகச் சட்டம் கேட்கும் 10 விழுக்காடு 24,800 சதுர அடிதான். தெரு தோப்பின் ஓரத்தைத் தொட்டுச் செல்லும்படி வளைத்துவிட்டதால், உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டிய பூங்கா தோப்புக்குள்ளேயே அமைந்துவிட்டது. புதிதாக ஒரு செடியும் நட வேண்டியதில்லை.

மண் கணக்கையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பங்காளிகளின் மனத்தை மாற்றியது அதுதான். வழக்கமான முறையில் திடல் நீங்கலான 14 மாவையும் 3 அடி உயர்த்த வேண்டும். 2,01,600 சதுர அடிக்கு 6,048 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). ஒரு டிப்பருக்கு 3 யூனிட் என்றால் 2,016 நடை. புதிய வரைபடத்தில் உயர்த்த வேண்டியது ஏறத்தாழ 76,000 சதுர அடிதான். 2,280 யூனிட், 760 நடை. மிச்சமாகும் பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மண் ஏதோ ஓர் ஊரின் ஏரிக்குள்ளிருந்தோ மேட்டு நிலத்திலிருந்தோதான் வர வேண்டும். நம் வாசலை உயர்த்த இன்னோர் ஊரின் தரையைப் பள்ளமாக்குகிறோம் என்பதை எந்த விலைப்பட்டியலும் காட்டுவதில்லை.

எதிர்ப்புகள் நியாயமானவை. முதலாவது, மனை விற்பனை சதுர அடிக் கணக்கில் நடக்கிறது. 2,400 சதுர அடிக்குப் பழகிய கண்ணுக்கு 1,200 சதுர அடி பாதியாகத்தான் தெரியும். இதற்குப் பத்திரத்தில்தான் விடை இருக்கிறது. உள்ளாட்சிக்குக் கொடுத்தது போக எஞ்சும் 1,29,600 சதுர அடி பொது நிலத்தை 78 வீட்டாரின் பிரிக்கப்படாத பங்காக எழுதினால், ஒவ்வொருவருக்கும் சொந்த மனை 1,200 சதுர அடியோடு ஏறத்தாழ 1,660 சதுர அடிப் பங்கும் சேர்கிறது. அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் பிரிக்கப்படாத பங்கை நன்கு அறிவார்கள். கடன் கொடுக்கும் வங்கிகளும் அறியும். தரை வீட்டுக்கு அதை எழுதுவதுதான் இங்கே புதிது.

இரண்டாவது, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுவதற்கு விதிகள் எல்லா இடத்திலும் இடம் தருவதில்லை. பக்கவாட்டில் காலியிடம் விட வேண்டும் என்கின்றன. 20 அடி மனையில் இருபுறமும் இடம் விட்டால் எஞ்சுவது ஒரு நடைக்கூடம்தான். தொடர் கட்டடத்துக்கு விதிகளில் வகை இருக்கிறது. அதைக் கூட்டமைப்பு மனைப்பிரிவுகளுக்கும், திறந்த நிலம் இவ்வளவு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு, விரித்துக் கொடுக்க நகர் ஊரமைப்பு இயக்ககம் முன்வர வேண்டும். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பழைய தெருக்களில் பொதுச் சுவர்களோடு தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள்; முற்றத்தின் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன.

மூன்றாவது கேள்விதான் எனக்குக் கடினமானது. பத்தரை மா பொது நிலத்தை யார் பார்த்துக்கொள்வது? அமெரிக்காவில், அந்த நிலத்தில் என்றைக்கும் கட்டக்கூடாது என்ற நிரந்தர உரிமைக் கட்டுப்பாட்டை நில அறக்கட்டளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டு உரிமையாளர் சங்கங்கள் ஆண்டுச் சந்தாவில் பராமரிக்கின்றன. நமக்கு, ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரித்த குடிமராமத்தின் நினைவு இருக்கிறது. 2017-இல் அரசு அந்தப் பெயரில் ஒரு திட்டத்தையும் தொடங்கியது. ஆனால் வாய்க்கால் தூர்வாரும் வேலை வயலால் பிழைக்கிறவனுக்கு உயிர்ப் பிரச்சினை. சம்பளக்காரர்கள் நிறைந்த குடியிருப்புக்கு அது அப்படி இராது. பொது நிலத்தில் ஏறத்தாழ 6 மா இன்னும் வயலாகவே இருக்கும்படி வரைபடம் போட்டது இந்தக் காரணத்தால்தான். அதே குத்தகைப் பெரியவர் அங்கே சம்பா வைப்பார். அவருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் வாய்க்கால் ஆகாயத்தாமரை மண்டாமல் இருக்கும். குத்தகைப் பணம் சங்கத்துக்கு வந்து கலிங்கையும் குட்டையின் கரையையும் பார்த்துக்கொள்ளும். 78 வீட்டாரின் சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாக வேண்டும், விற்பனைப் பத்திரம் ஒவ்வொன்றிலும் பொது நிலத்தைக் கட்டடமாக மாற்றக்கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட வேண்டும். ஆயினும் இருபது ஆண்டுகள் கழித்து நிலவிலை ஏறியபின் அந்த 78 பேரும் ஒன்றுகூடி அதை விற்றுவிட முடிவெடுத்தால் தடுப்பதற்கு இன்றைய ஏற்பாட்டில் உறுதியான வழி இல்லை. பாதுகாப்பு நிபந்தனையோடு பஞ்சாயத்தின் பெயருக்கு மாற்றுவதா, நீர்வளத் துறையின் பதிவேட்டில் வாய்க்காலோடு சேர்த்து ஏற்றுவதா என்று வழக்கறிஞர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். என் விருப்பம், குறைந்தது குட்டையும் கலிங்கும் வடிகால் கரையும் பதிவேட்டில் நீர்நிலையாக ஏற வேண்டும் என்பதே.

கழிவுநீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் இங்கே நிலத்தடி நீர் தரையை ஒட்டி ஏறிவிடுகிறது. களிமண்ணில் தோண்டிய உறிஞ்சுகுழி அந்த மாதங்களில் எதையும் உறிஞ்சாது. கழிவுத்தொட்டியின் நீர் நேரே பக்கத்து வாய்க்காலுக்கு வரும், அல்லது கைப்பம்புக்குள் போகும். சிதறிய 78 வீடுகளுக்குச் சிதறிய 78 தொட்டிகள்தான் சாத்தியம். கூட்டி அமைத்த வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஒரே குழாயை ஓட்டி, கிழக்குச் சரிவில், குட்டைக்கும் கிணறுகளுக்கும் எட்டாத இடத்தில், கோரையும் கல்வாழையும் வளர்த்த ஒரு சுத்திகரிப்புப் படுகைக்குக் கொண்டுபோகலாம். தனித்தனித் தொட்டிகளைவிடச் செலவு மிகுதியாக வராது என்பது எங்கள் மதிப்பீடு. ஆனால் அதை மழைவெள்ளம் ஏறாத அளவுக்குக் கரை கட்டி உயர்த்தியாக வேண்டும். அந்தக் கரை வடிகாலின் போக்கை மறிக்கக்கூடாது. இந்த ஒரு மூலையை மட்டும் பலமுறை திருத்தி வரைந்திருக்கிறோம்.

டெல்டாவில் மனை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுமதி எண்ணையும் பத்திரத்தையும் சரிபார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் புல எண்ணின் புலப்படத்தைக் கேட்டு வாங்கி, மனைப்பிரிவு வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். புலப்படத்தில் ஓடும் வாய்க்கால் மனைப்பிரிவில் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது, வெளியேறும் இடத்தில் குழாயின் விட்டம் என்ன, அதற்கு மேற்கே எத்தனை ஏக்கர் வயலின் தண்ணீர் அந்தக் குழாயை நம்பியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் வரைபடம் போடுகிறவர்களும் பதிலோடு வரத் தொடங்குவார்கள். அனுமதி கோரும் கோப்பில் 10 சென்டிமீட்டர் இடைவெளிச் சமவுயரப் படமும், மழைக்காலத்தில் எடுத்த நீர்ப்போக்குக் குறிப்பும் டெல்டா மாவட்டங்களுக்கு மட்டுமாவது கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று கோரி மனு ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். அந்த ஒரு வேலியின் வரைபடம் அதன் முதல் இணைப்பாகப் போகிறது.